தொட்டாச்சிணுங்கி டாக்டரம்மா

டாக்டரம்மா கையால் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. முழங்கையால் தள்ளுவார். தள்ளித் திறக்காத கதவென்றால் அப்படியே நின்றுவிடுவார். நான் ஓடிப்போய்த் திறந்துவிட வேண்டும். திறந்ததும் சொல்வார்.

"போய்க் கையக் கழுவு."

கதவு திறந்ததற்கு எனக்குக் கிடைத்த நன்றி அது.

நீலகிரியில் அரவேணுப் பக்கம் தேயிலைக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. நான் ஆபரேஷன் தியேட்டரில் அட்டெண்டர். தள்ளுவண்டி தள்ளுவேன். தரை துடைப்பேன். கருவிகளை ஆவி எந்திரத்தில் ஏற்றி இறக்குவேன். படிப்பு எட்டாவது. அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் அவர் திட்டித் தெரிந்தது.

அவர் சர்ஜன். குடலிறக்கம், குடல்வால், மூலம், காட்டெருமை முட்டினது, கரடி கீறினது. எங்களிடம் வருவது இவ்வளவுதான். ஆள் பொள்ளாச்சிப் பக்கம். குள்ளம். மேசை அவருக்கு உயரம். கீழே ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் அறுப்பார். அந்தப் பலகையையும் யாரும் தொடக் கூடாது.

தொடாதே. அவர் வாயில் அதிகம் வந்த சொல் அதுதான். ஆளுக்குத் தகுந்தபடி மரியாதை மட்டும் மாறும். எனக்குத் தொடாதே. நர்சுக்குத் தொடாதம்மா. டிரஸ்ட் தலைவருக்குத் தொடாதீங்க. ஆயுதபூஜைக்குத் தியேட்டரில் பொட்டு வைக்க வந்த பூசாரிக்கும் விலக்கு இல்லை.

"தொடாதீங்க சாமி. வாசல்ல நின்னே வேண்டிக்கங்க."

பூசாரி வாசலில் நின்றே வேண்டினார். கற்பூரத் தட்டோடு திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னார், "அம்மன் கோயில்ல கூட இத்தனை கட்டுப்பாடு இல்லப்பா."

கோத்தகிரியில் காய் வாங்கும்போதும் அப்படித்தான். பை தூக்க ஒரு முறை நானும் போனேன். விரலை நீட்டிக் காட்டுவார். தொடமாட்டார்.

"அந்தக் கேரட்டு. அதில்ல. அதுக்கு அக்கட்ட."

கடைக்காரர் சிரித்தார். "ஏனுங்கம்மா, தொட்டுப் பாத்து எடுத்துக்கங்க. கேரட்டு கடிக்காதுங்க."

"இதை எத்தனை பேர் தொட்டிருப்பாங்க?"

"காலைல இருந்து ஊரே தொட்டிருக்குதுங்க."

கேரட் வாங்காமலே வந்துவிட்டோம். கிளம்பும்போது கடைக்காரர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "ரோட்டோரம் மொளைக்குமே, அந்தச் செடி பேரு என்னப்பா?" என்றார். தொட்டாச்சிணுங்கி என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரி முழுக்க அந்தப் பெயர். கேண்டீன் அக்கா டீ கொடுக்கும்போதே கேட்பார். "தொட்டாச்சிணுங்கி வந்தாச்சா? இல்ல, நான் நிம்மதியா டம்ளரைத் தொடலாமா?"

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆவியில் வெந்து வந்த தட்டு ஈரமாக இருந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். துவைத்த துண்டுதான். நன்றாகத்தான் இருந்தது. அவர் பார்த்துவிட்டார்.

"என்ன பண்றே?"

"சுத்தமா இருக்கட்டுமுன்னு தொடைக்கிறேனுங்க."

"நீ தொடைக்கிற வரைக்கும் சுத்தமாத்தான் இருந்துச்சு."

தட்டு திரும்பவும் ஆவிக்குப் போனது. என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. அதுவே பெரிது.

எஸ்டேட்டுப் பெண்கள் கைவெட்டோடு வருவார்கள். வெட்டு தெரியாது. மேலே தேயிலைத்தூளை அப்பியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் எந்தக் காயத்துக்கும் முதல் வைத்தியம் அதுதான். ரத்தம் நிற்கும் என்பார்கள். அவர் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி எடுப்பார். எடுக்கும் நேரமெல்லாம் பேச்சு விழும்.

"தேயிலை எதுக்கு?"

"குடிக்கிறதுக்குங்க."

"இது என்ன வாயா?"

"இல்லீங்க. வெரலுங்க."

"அப்புறம் வெரலுக்கு எதுக்கு டீ?"

அவர்கள் தலையைத் தலையை ஆட்டுவார்கள். அடுத்த வெட்டுக்கும் தூள் அப்பிக்கொண்டுதான் வருவார்கள்.

சுவர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் டிரஸ்ட் தலைவருக்குப் படம் மாட்டுவதில் ஆசை. அவர் படம்தான். வரவேற்பில் ஒன்று, வார்டில் ஒன்று, பிரசவ அறையில்கூட ஒன்று. பிறக்கிற பிள்ளை முதலில் பார்ப்பது அவர் மீசையை. வார்டில் மாட்டியிருந்த படத்தை ஜன்னல் பக்கம் மாற்றச் சொன்னார், வெளிச்சம் போதவில்லையாம். நான் படத்தை இறக்கி ஆணியைப் பிடுங்கினேன்.

சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஆணி அடித்தவன் உள்ளே போகிற குழாயில் அடித்திருக்கிறான். ஆணி இருந்தவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிடுங்கியதும் வார்டு முழுக்க வெள்ளம். நோயாளிகள் கட்டிலில் காலைத் தூக்கி உட்கார்ந்துகொண்டார்கள். தலைவர் படம் தரையில் மிதந்தது.

டாக்டரம்மா முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஓட்டையில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்தார்.

"ஆணி இருந்த வரைக்கும் செவுரு நனைஞ்சுதா?"

"இல்லீங்க."

"ஆளுக்கும் அதேதான். கத்தி, கம்பி, குச்சி, எது குத்தி உள்ள நின்னாலும் அதுதான் அடைப்பு. நீங்க புடுங்கறப்பதான் அவன் சாகறான். ஞாபகம் வெச்சுக்க."

"சரிங்க. வெரலை எடுக்கட்டுங்களா?"

"எடுக்காதே. பிளம்பர் வரட்டும்."

பிளம்பர் சாயங்காலம்தான் வந்தார். அதுவரை நின்றேன். ஞாபகம் நன்றாகவே நின்றது.

இன்னொன்று, தட்டு.

தியேட்டர் அலமாரியில் மேல்தட்டில் பச்சைத் துணியில் சுற்றிய ஒரு கருவித் தட்டு இருந்தது. அதை அவர் எதற்கும் பிரித்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அதை இறக்கி, எண்ணெய் விட்டு, புதுத் துணி சுற்றி, ஆவியில் ஏற்றி, திரும்பவும் மேலே வைக்க வேண்டும். உள்ளே கனமாக ஒரு கருவி. பல்சக்கரம், கைப்பிடி, இரண்டு அலகு. நெஞ்சைத் திறந்தால் விலா எலும்புகளை விரித்துப் பிடிக்கிறது அது. நாங்கள் ஜாக்கி என்போம். லாரிக்கு டயர் மாற்றுகிற ஜாக்கி போலவே இருக்கும்.

அதை வாங்கித் தரச்சொல்லி டிரஸ்டில் கேட்டாராம். தலைவர் மறுத்துவிட்டார். "மூலத்துக்கு எதுக்குங்க விலா எலும்பு?" என்றாராம். இவர் சொந்தத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்.

நர்சுகள் அதை வெள்ளிக்கிழமைப் பூஜை என்பார்கள். நான் தட்டை இறக்கும்போது ஒருத்தி மணியடிப்பதுபோல் கையை ஆட்டுவாள். எனக்கும் வருத்தம்தான். ஒரு வேலைக்கும் ஆகாத சாமானுக்கு வாராவாரம் எண்ணெய் போடுவது யாருக்குத்தான் பிடிக்கும்? ஒருநாள் கேட்டேன்.

"இது என்னைக்குங்க வேலைக்கு ஆகும்?"

"ஆகாம இருந்தா நல்லது."

தட்டைத் திரும்பவும் மேலே வைத்தேன். 

அந்த ஞாயிற்றுக்கிழமை முகாம். இலவச இருதயப் பரிசோதனை முகாம். கோயமுத்தூரிலிருந்து பெரிய இருதய டாக்டர் வருகிறார். ஆஸ்பத்திரி முகப்பில் கட்ட இரண்டு ஆள் உயரத்துக்குப் பேனர். அதில் தலைவர் பெரிதாக. இருதய டாக்டர் சிறிதாக, அடியில் 'இதயங்களின் காவலர்' என்று. நடுவில் சிவப்பாக ஓர் இருதயம்.

டாக்டரம்மா பேனரைப் பார்த்து நின்றார்.

"இது இருதயம் இல்ல. சீட்டுக்கட்டு ஆர்ட்டின்."

தலைவர் சிரித்தார். "பாக்கறதுக்கு அழகா இருக்கோணுமில்லீங்க? நெசத்தைப் போட்டா சனம் பயந்துக்கும். உங்களுக்கு இன்னிக்கு வேலை இல்லீங்க டாக்டர். இது இருதய சமாச்சாரம். மேடைக்கு வந்து ஒரு பூச்செண்டு மட்டும் குடுத்துட்டுப் போங்க."

"பூச்செண்டு எங்கிருந்து வருது?"

"ஊட்டியில இருந்துங்க."

"எத்தனை கை மாறி வந்ததோ. வேண்டாம்."

முழங்கையால் கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டார்.

பேனர் கட்ட ஆள் வரவில்லை. என் தங்கச்சி செல்வியும் அவள் வீட்டுக்காரன் பழனியும் முகாமுக்கு வந்திருந்தார்கள். எஸ்டேட்டில் வேலை. லைன் வீட்டில் குடியிருப்பு. இருதயம் பார்க்க இல்லை, சாப்பாட்டுக்கு வந்தார்கள். மதியம் பிரியாணி என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தது. எங்கள் மயக்க டாக்டரும் கோத்தகிரியிலிருந்து அதற்காகவே சீக்கிரம் வந்து கேண்டீனில் உட்கார்ந்திருந்தார்.

"நான் கட்டறேன் மச்சா," என்றான் பழனி. கேண்டீனில் காய் நறுக்கும் கத்தியை வாங்கி, கயிறு அறுக்கக் கையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான்.

பள்ளத்திலிருந்து காற்று வந்தது. பேனர் வீங்கி அவனைத் தள்ளியது. ஏணியோடு சரிந்து வந்தான். குப்புற விழுந்தான். நான் ஓடிப் புரட்டினேன்.

கத்தி இடது பக்கம், நெஞ்செலும்பை ஒட்டி நின்றது. பிடி மட்டும் வெளியே. அது ஆடிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. காற்றும் நின்றிருந்தது. தானாக ஆடியது. ஒரே தாளத்தில். இருதயம் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு அந்த முகாமில் தெரியாதவர் இல்லை.

ரத்தம் அதிகம் வரவில்லை. அதைப் பார்த்துச் சிலருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ரத்தமே இல்ல. பெரிய காயமில்ல. புடுங்கிக் கட்டுப் போட்டா போச்சு."

"இரும்பு உடம்புல இருக்கப் படாதுப்பா. எடுத்துரு."

டீக் கடை போட்டவர் ஒரு பிடி தேயிலைத்தூளோடு ஓடிவந்தார். தலைவர் பேனரைப் பார்த்தார். கிழியவில்லை.

பழனி முகம் கறுத்துக்கொண்டு வந்தது. கழுத்து நரம்பு கயிறுபோல் புடைத்து நின்றது. மூச்சுக்குத் திணறினான். கையைக் கத்திப் பிடிக்குக் கொண்டுபோனான்.

"மச்சா, புடுங்கிருங்க. கனமா இருக்குது. நெம்பக் கனமா இருக்குது."

நான் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். செல்வி என் முதுகில் அடித்தாள்.

"புடுங்குண்ணா! அவரு கேக்கறாரில்ல! கல்லாட்ட நிக்கறயே!"

எனக்கு அப்போது எதுவும் யோசனை இல்லை. வார்டுச் சுவரும் அதில் பீய்ச்சிய தண்ணீரும்தான் தெரிந்தது. தூளோடு வந்தவரைக் காலால் எட்டித் தள்ளினேன். அவர் என் சொந்தக்காரர். இன்றுவரை பேசுவதில்லை.

"தொடாதே!"

என் குரலா அவர் குரலா என்று தெரியவில்லை. இரண்டும்தான். அவர் ஓடிவந்துகொண்டிருந்தார். ஓடி நான் பார்த்தது அன்றுதான். நாடியைப் பிடித்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். வெறும் கையால் கழுத்து நரம்பைத் தடவிப் பார்த்தார். கையுறை இல்லாமல் ஓர் ஆளைத் தொட்டு நான் பார்த்ததும் அன்றுதான்.

"தியேட்டருக்கு எடு. கத்தி அசையக் கூடாது."

தலைவர் குறுக்கே வந்தார். "டாக்டர், இது இருதயமுங்க. நம்ம வேலை இல்ல. கோயமுத்தூருக்கு அனுப்பிருவோம்."

"மேட்டுப்பாளையம் போறதுக்குள்ள செத்திருவான்."

"அது வழியிலதானுங்க. இங்கன்னா நம்ம கணக்குல வரும்."

 தள்ளுவண்டிக்கு முன்னால் நின்ற தலைவரை டாக்டரம்மா முழங்கையால் தள்ளினார். கதவைத் தள்ளுகிற அதே தள்ளு. தலைவரும் திறந்துகொண்டார்.

அப்போதுதான் இருதய டாக்டர் காரிலிருந்து இறங்கினார். யாரோ மாலையும் போட்டுவிட்டார்கள். மாலையோடே ஓடிவந்தார். மனுஷன் நல்லவர். முகாமுக்குக் கொண்டுவந்த ஸ்கேன் பெட்டியைத் தியேட்டருக்கே எடுத்துவந்து, நெஞ்சின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். திரையைக் காட்டினார்.

"இருதயத்தைச் சுத்தி ஒரு பை இருக்கில்லீங்களா, அது முழுக்க ரத்தம். வெளிய வர வழியில்ல. உள்ளயே இருதயத்தைப் போட்டு அமுக்குது. அது விரியறதுக்கு இடமில்ல."

"தெரியுது. கையக் கழுவிட்டு வாங்க."

"நானா? டாக்டர், நான் கத்தி எடுக்கறவன் இல்லீங்க. மருந்து, குழாய் வழியா அடைப்பு எடுக்கறது, அவ்வளவுதான்."

"கத்தி நான் எடுக்கறேன். நீங்க கையக் கழுவுங்க. மாலையக் கழட்டுங்க."

மயக்க டாக்டரைக் கேண்டீனிலிருந்து இழுத்துவந்தோம். பிரியாணி இன்னும் வெந்திருக்கவில்லை. அது பழனியின் அதிர்ஷ்டம். குன்னூருக்கு ரத்தத்துக்கு ஜீப் போனது.

"தட்டு," என்றார் டாக்டரம்மா.

எந்தத் தட்டு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மேலிருந்து இறக்கினேன். பச்சைத் துணியைப் பிரித்தார்கள். முந்தின வெள்ளிக்கிழமை போட்ட எண்ணெய் பல்சக்கரத்தில் மினுங்கியது.

நான் மூலையில் விளக்கைத் திருப்பிப் பிடித்து நின்றேன். அறையில் இருப்பது என் தங்கச்சி புருஷன் என்பதை யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பார்கள்.

பலகைமேல் ஏறினார். இடது மார்புக்குக் கீழே ஒரே கீறல், விலாவோடு விலாவாக. ஜாக்கியை வைத்துச் சுற்றினார். விலா எலும்பு விரிந்தது. உள்ளே அந்தப் பை. நீலமாக, காற்றடைத்த பந்துபோல் இறுகி நின்றது. நாடி விழுகிறது என்று மயக்க டாக்டர் சொன்னார். திரும்பவும் சொன்னார். மூன்றாவது தரம் சொல்ல வாயெடுத்தபோது டாக்டரம்மா பையைக் கத்தரித்தார். கறுப்பு ரத்தம் கட்டிகட்டியாக வெளியே விழுந்தது.

உள்ளே இருந்தது குதித்தது.

அது ஆர்ட்டின் போல் இல்லை. பேனரில் போடுகிற மாதிரி இல்லை. மங்கின சிவப்பில், மேலே மஞ்சள் கொழுப்போடு, முறுக்கி முறுக்கிப் பிழிந்துகொள்கிற ஒரு சதை. பயப்பட ஒன்றுமில்லை. வேலை செய்கிற எதையும்போல் இருந்தது.

"இப்ப எடுக்கலாம்," என்றார்.

ஒரு கையால் கத்தியை உருவினார். அடுத்த கையின் விரல் அந்த ஓட்டையில் போய் உட்கார்ந்தது. சுவர் ஞாபகம் வந்தது எனக்கு. என் விரல் சும்மா குழாயை அடைத்தது. அவர் விரல் துடிப்போடு கூடவே ஏறி இறங்கியது.

தைக்க இரண்டு கை வேண்டும். நர்சு ஜாக்கிப் பக்கம் பிடித்திருந்தாள். டாக்டரம்மா எதிரே நின்ற இருதய டாக்டரைப் பார்த்தார்.

"உங்க வெரலை இங்க வைங்க."

அவர் கை முன்னால் வந்தது. நின்றது. "டாக்டர், நான் இதுவரைக்கும்..."

"பேனர்ல காவலர்னுதான போட்டிருக்குது? தொடுங்க."

அந்தத் தியேட்டரில் அந்த வார்த்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. நர்சு என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன்.

அவர் தொட்டார்.

"அழுத்தாதீங்க. எடுக்காதீங்க. அது கூடவே போங்க."

ஓடுகிற தையல் மிஷினில் பொத்தான் வைப்பதுபோல் இருந்தது அது. துடிப்பு தாழும்போது ஊசி போகும். எழும்பும்போது நிற்கும். டாக்டரம்மா திட்டக்கூட இல்லை. அதில்தான் எனக்குப் பயம் வந்தது. கடைசித் தையலை முடிந்துவிட்டு, "வெரலை எடுங்க," என்றார். எடுத்தார். ஒழுகவில்லை. ஜீப்பில் வந்த ரத்தம் ஏறியது. நாடி எழுந்தது என்று மயக்க டாக்டர் சொன்னார்.

இருதய டாக்டர் அந்த விரலைத் தனியாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை வருசமா இருதய டாக்டருங்க நான். எல்லாம் திரையிலதான். நேர்ல இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"போய்க் கையக் கழுவுங்க," என்றார் டாக்டரம்மா.

வெளியே செல்வி தரையில் உட்கார்ந்திருந்தாள். பிழைச்சுக்குவான் என்றேன். அவள் எழுந்து திரும்பவும் என்னை அடித்தாள். இந்த முறை வலிக்கவில்லை.

முகாம் நடந்தது. பேனரை வேறு ஆள் வைத்துக் கட்டினார்கள். வந்த அத்தனை பேருக்கும் இருதயம் நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். தலைவர் மைக்கில், இந்த முகாம் மட்டும் நடக்காவிட்டால் ஓர் ஏழைத் தொழிலாளியின் உயிர் போயிருக்கும் என்றார். முகாம் நடக்காவிட்டால் அவன் ஏணியில் ஏறியிருக்க மாட்டான். அதை மைக்கில் சொல்ல ஆளில்லை. போட்டோவில் தலைவரும் இருதய டாக்டரும் நின்றார்கள். டாக்டரம்மா அப்போது குழாயடியில், போலீசுக்குக் கொடுக்க எடுத்துவைத்த கத்தியைத் திருப்பிக் கேட்ட கேண்டீன் அக்காவோடு சண்டையில் இருந்தார்.

"கழுவிட்டா போச்சுங்கம்மா. வெங்காயம் நல்லா நறுக்கும்."

"தொடாதே!"

பிறகு கமிட்டி கூடியது. டீ கொண்டுபோனது நான்தான். வாசலுக்கு அந்தப் பக்கமே நிற்கச் சொன்னார்கள். பேச்சு கேட்டது.

"சந்தோசமான விசயந்தானுங்க," என்றார் தலைவர். "ஆனா கேக்காம செஞ்சுட்டீங்க. செத்திருந்தா?"

"செய்யாம இருந்தா செத்திருப்பான்."

"அது விதிங்க. விதிமேல யாரும் கேஸ் போட முடியாது. நீங்க கை வெச்சு செத்தா, டிரஸ்ட்டுமேல போடுவாங்க."

கமிட்டியில் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர், டாக்டரம்மா கை ராசியான கை என்றார். அதனால்தான் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் இன்னொருவர். கடைசியில் முடிவு செய்தார்கள். குடலிறக்கம், குடல்வால், மூலம்.

"அதுக்கு மேல எதையும் தொடாதீங்க," என்றார் தலைவர்.

 அப்புறம் ஒரு சிரிப்பு கேட்டது. யார் என்று எட்டிப் பார்த்தேன். டாக்டரம்மாதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கமிட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்கு அவர்களும் சிரித்தார்கள்.

மழைக்காலம் முடியும் முன்னே டாக்டரம்மா சமவெளிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி என்றார். பிரிவுபசார விழா வேண்டாம் என்றார், சால்வை எத்தனை கை மாறி வருமோ என்று. போகிற நாள் பழனியும் செல்வியும் வந்தார்கள். பழனி காலில் விழக் குனிந்தான். அவர் பின்னால் நகர்ந்தார். கிட்ட வரச் சொல்லி, சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி, தழும்பை மட்டும் பார்த்தார். செல்விக்குக் கை கூப்பத்தான் முடிந்தது.

பலகையைக் காரில் ஏற்றச் சொன்னார். தட்டை ஏற்றப் போனேன்.

"அது இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மறந்துராதே."

"சரிங்க."

இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

அடுத்த முகாமில் தலைவர் பழனியை மேடையில் ஏற்றினார். நம்ம முகாம் பிழைக்கவைத்த ஆள் என்றார். சட்டையைத் திறந்து காட்டச் சொன்னார். பேனரில் அதே ஆர்ட்டின். பழனி பொத்தானில் கை வைத்தான். கூட்டத்தில் யாரையோ தேடினான். அப்புறம் பொத்தானை விட்டுவிட்டு மைக்கில் கேட்டான்.

"அந்த அம்மாவைக் கூப்புடலீங்களா?"

பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

இப்போது சர்ஜன் ஓர் இளைஞர். நல்ல பையன். கதவைக் கையால் திறப்பார். போன வெள்ளிக்கிழமை அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மேலே பார்த்தார்.

"அண்ணா, அது என்ன? யாரும் யூஸ் பண்றதே இல்லையே. இடத்தை அடைக்குது. ஸ்டோருக்கு அனுப்பிரலாமா?"

எட்டிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றேன்.

டாக்டர் ஒருவரிடம் அப்படி நான் பேசியதில்லை. அவர் கை நடுவில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் ஏதாவது விளக்கிச் சொல்வேன் என்று நின்றார். எனக்கு விளக்க வராது.

"கையக் கழுவிட்டு வாங்க. என்னன்னு பிரிச்சே காட்டறேன்."

கழுவிவிட்டு வந்தார். தட்டை இறக்கினேன்.